உஷார்! உங்கள் மெஷினில் ஓடும் புரோகிராம் அடுத்தவர் மெஷினில் செத்து விழலாம்!

சி, சி++ எழுதும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். 'என்கிட்ட நல்லாத்தானே ஓடுது' என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? ஆபத்தே அங்கேதான்!

தெரிந்த இளைஞர் ஒருவர். புது லேப்டாப். வேகம் கூடட்டும் என்று ஜிசிசி கம்பைலருக்கு '-மார்ச்=நேட்டிவ்' ஆப்ஷனைக் கொடுத்தார். இந்த பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைகள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று அதற்கு அர்த்தம். வாடிக்கையாளரிடம் இருந்ததோ பழைய சர்வர். கம்பைலர் போட்டுக்கொண்டதோ ஏவிஎக்ஸ்2 கட்டளைகள். இன்டெல்லில் அவை வந்ததே 2013-ல், ஹாஸ்வெல் பிராசஸரோடு. அந்த சர்வரோ அதற்கும் முந்தையது.

புரோகிராம் திறந்தது. லாகின் ஆனது. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தபோது, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரே வரி. அவ்வளவுதான், போயே போச்சு! தெரியாத கட்டளை வந்து சேரும்வரை பிராசஸர் வாயே திறக்காது. டெஸ்ட்டில் தப்பித்துவிடும். வேலை நேரத்தில் காலை வாரிவிடும். பாவம், அவர் விடிய விடியத் தன் கோடில் தப்பைத் தேடினார்.

எக்ஸிட் கோடு 132 வந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். 128-உடன் சிக்னல் 4 சேர்ந்த கணக்கு அது. விர்ச்சுவல் மெஷினிலும் கவனம்: அடியில் புது பிராசஸர் இருந்தாலும் அதன் வசதிகளை மறைத்து வைத்திருக்கலாம். 'எல்எஸ்சிபியு' அடித்துப் பாருங்கள். நேரடியாக ஓடுகிறது, மெமரி தப்பு தேடும் வால்கிரைண்டில் மட்டும் சாகிறதா? ஏவிஎக்ஸ்-512 போன்ற கட்டளை அந்த டூலுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோடைக் கிழித்துப் போடாதீர்கள்! டீபக் பில்டை மட்டும் எளிய பிராசஸருக்குக் கம்பைல் செய்து பாருங்கள்.

எதையும் மாற்றும் முன் ஜிடிபி டீபக்கரில் 'எக்ஸ்/ஐ $பிசி' கொடுங்கள். செத்த இடத்துக் கட்டளை கண்ணெதிரே வரும். 'ஒய்எம்எம்' ரெஜிஸ்டர் தெரிந்தால் ஏவிஎக்ஸ் குடும்பம். 'இசட்எம்எம்' என்றால் ஏவிஎக்ஸ்-512.

'யுடி2' என்று வந்தால் பிராசஸர் மேல் பழி போடாதீர்கள்! அது பெரும்பாலும் கம்பைலரே வைத்த பொறி. சி++-ல் மதிப்பைத் திருப்பித் தர வேண்டிய ஃபங்ஷன் 'ரிட்டர்ன்' இல்லாமல் முடிந்தால்கூட வைத்துவிடலாம். அங்கே ஆப்ஷனை மாற்றிப் பயனே இல்லை. கோடில்தான் கோளாறு.

வெளியே கொடுக்கும் பில்டுக்கு '-மார்ச்=எக்ஸ்86-64-வி2' போதும்; ஜிசிசி 11 முதல் இருக்கிறது. நீங்கள் சேர்க்கும் லைப்ரரிகளின் பில்டு ஸ்கிரிப்டிலும் 'நேட்டிவ்' சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம். இன்றைக்கே தேடிப் பாருங்கள், தயவுசெய்து!