லாரிக்காகப் பேசும் வக்கீல்

2014-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ஒடெஸா நகரை அடுத்த நெடுஞ்சாலையில், மழை தரையைத் தொட்ட மாத்திரத்தில் பனிக்கட்டியாக உறைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு குடும்பத்தார் சென்ற பிக்கப் வண்டி பிடி தவறிச் சறுக்கி, நடுவிலிருந்த திட்டைக் கடந்து, எதிர்த் திசையில் தன் பாதையிலேயே வந்துகொண்டிருந்த பெரிய சரக்கு லாரியின் முன்னால் போய் விழுந்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அவன் சகோதரி கை கால் அசைவற்றவளானாள். லாரி வெர்னர் என்ற பெரிய கம்பெனியுடையது. அதை ஓட்டியவர் பயிற்சிக் காலத்தில் இருந்தவர். அந்தப் பனியில் அந்த வேகத்தில் லாரி போயிருக்கவே கூடாது என்றும், போகவிட்ட கம்பெனிக்கே பெரும்பொறுப்பு என்றும் 2018-இல் ஜூரி முடிவு செய்து, ஏறக்குறைய 9 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. 2025 ஜூனில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. லாரி அந்தக் கணத்தில் அங்கே இருந்தது தற்செயல், விபத்துக்குக் காரணம் பிக்கப் தன் பாதையை விட்டு விலகியதே என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தப் பெண் குழந்தையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. தீர்ப்பின் நியாயத்தை வரி வரியாகப் பார்த்தாலோ மறுக்க முடியவில்லை. துக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய குற்றமும் எதிரே இருப்பவனுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை, பிறர் யாரும் கேட்கக் கூசும் இடத்தில் நின்று கேட்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு வகை வக்கீல்கள் அந்நாட்டில் உண்டு. லாரிக் கம்பெனிகளுக்காகவும், யந்திரங்களும் வாகனங்களும் தயாரிக்கும் கம்பெனிகளுக்காகவும் சிவில் வழக்குகளில் பிரதிவாதி தரப்பில் ஆஜராகிறவர்கள் இவர்கள். கொலையும் களவும் இவர்களுடைய துறையல்ல. அஜாக்கிரதையும் நஷ்டமுமே இவர்களுடைய துறை. வாதியின் வக்கீல் பெரும்பாலும் வென்றால் மட்டுமே பங்கு பெறுகிறவர். பிரதிவாதியின் வக்கீலுக்கோ, ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாக்கி, ஆறு நிமிஷத்துக்கு ஒரு கணக்காக எழுதி அனுப்பும் பட்டியலின்படி இன்ஷூரன்ஸ் கம்பெனி கூலி கொடுக்கிறது. கூலி கொடுப்பவர் ஒருவர், கட்சிக்காரர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டில், இருவர் நலமும் ஒன்றாக இல்லாத நாளும் வரும். அன்றைக்குத் தன் கடமை கட்சிக்காரருக்கே என்பதை மறவாமலிருப்பது இந்தத் தொழிலின் முதற்பாடம்.

வேலை நடுநிசியில் ஒரு டெலிபோன் மணியோடு தொடங்குவதுண்டு. சரக்கோடு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் வரை கனக்கும் வண்டி, சாலையோரத்தில் இன்னும் சூடு ஆறாமல் கிடக்கும்போதே வக்கீலும் அவர் அழைத்த பொறியியல் நிபுணரும் ஸ்தலத்துக்குப் போய்விடுவார்கள். தார்ச் சாலையில் டயர் தேய்த்த கறுப்புக் கோடு நாளைய மழையில் மங்கிவிடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் பதிவாகியிருக்கும் வேகமும் பிரேக் மிதித்த கணமும், வண்டியை மறுபடி ஓட்டினால் அழிந்துபோகக்கூடும். டிரைவரிடம் மது உண்டா என்ற சோதனையை 8 மணி நேரத்துக்குள்ளும், போதைப் பொருள் சோதனையை 32 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்த பிறகு, அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே சரக்கு லாரியை ஓட்டலாம் என்பது இன்னொரு விதி. இந்தக் கணக்கை டிரைவர்கள் முன்பு காகிதத்தில் எழுதிவந்தார்கள், சிலர் திருத்தியும் எழுதினார்கள். 2017 டிசம்பர் முதல் எஞ்சினோடு இணைத்த மின்னணுப் பதிவுக் கருவி பெரும்பாலான வண்டிகளில் கட்டாயமாயிற்று. இந்தப் பதிவுகளைக் கம்பெனி ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்றாலும், வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு ஒரு துண்டுக் காகிதமும் காணாமற் போகலாகாது. போனால், அதில் கம்பெனிக்குப் பாதகமான செய்தி இருந்ததென்றே ஜூரி கருத நேரிடலாம். ஆகையால் தன் கட்சிக்கு விரோதமான சாட்சியத்தையும் பத்திரப்படுத்தச் சொல்வதே நல்ல வக்கீலின் முதல் யோசனையாக இருக்கிறது. இந்தத் தொழிலில் என் மதிப்புக்குரிய அம்சம் இதுவே.

ஆனால் அப்படித் திரட்டியதில் எதுவரை எதிரிக்குக் காட்ட வேண்டும்? 1943-இல் டெலவேர் நதியில் ஓர் இழுவைப் படகு மூழ்கி, ஒன்பது சிப்பந்திகளில் ஐவர் இறந்தார்கள். படகுச் சொந்தக்காரர்களின் வக்கீல் சாமுவேல் ஃபோர்டன்பா, பிழைத்தவர்களைக் கண்டு பேசி வாக்குமூலங்களும் குறிப்புகளும் தயாரித்தார். அவற்றைக் கொடு என்றது கீழ்க்கோர்ட். கொடுக்க மாட்டேன் என்றவரைக் கோர்ட் அவமதிப்புக்காகச் சிறையிலிடவும் உத்தரவிட்டது. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீலின் பக்கம் நின்றது: உண்மைகளை இருதரப்பும் அறியலாம், ஆயின் வழக்கை எதிர்நோக்கி ஒரு வக்கீல் தன் மனத்தால் உழைத்துச் சேர்த்ததை, தக்க அவசியம் காட்டாமல் மற்றவர் எடுத்துக்கொள்ளலாகாது. இன்று அந்நாட்டில் எந்தத் தரப்பு வக்கீலும் தம் குறிப்பேட்டில் அச்சமின்றி எழுதுவது இந்தத் தீர்ப்பின் பலத்தால்தான்.

லாரி வழக்கில் மனிதன் தவறினானா என்பது கேள்வி. பொருள் வழக்கில் பொருளே தவறாகப் பிறந்ததா என்பது கேள்வி. 1916-இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், பியூயிக் காரின் மரச்சக்கரத்து ஆரக்கால்கள் நொறுங்கிக் காயமுற்ற ஒருவருடைய வழக்கில், வியாபாரியிடம் வாங்கியவனுக்கும் தயாரித்தவனே பொறுப்பாளி என்று நீதிபதி கார்டோஸோ தீர்ப்பளித்தார். 1963-இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, தயாரித்தவனின் அஜாக்கிரதையை நிரூபிக்காவிட்டாலும் பொருளிலுள்ள குறையே போதும் என்றது.

குறை இருந்தது என்று சொல்பவர் யார்? இங்கேதான் நிபுணர் சாட்சி வருகிறார். இங்கேதான் பிரதிவாதி வக்கீலின் சாமர்த்தியம் முழுதும் தேவைப்படுகிறது. 1993 ஜூலையில் ஒரு மினிவேனின் பின்பக்க வலது டயர் வெடித்து வண்டி கவிழ்ந்து ஒருவர் இறந்தார். கும்ஹோ டயர்க் கம்பெனி மீது வழக்கு. டயரின் வயது ஐந்து. சில இடங்களில் பட்டன்கள் முற்றும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. இரண்டு பஞ்சர்கள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தன. வாதியின் நிபுணரோ, காற்றுக் குறைவோடு ஓட்டியதால் உண்டாகும் நான்கு அடையாளங்களில் இரண்டேனும் தென்படாவிட்டால் தயாரிப்புக் குறையே காரணம் என்று தமக்குத் தாமே ஒரு முறை வகுத்துக்கொண்டிருந்தார். விசாரித்தபோது, அவர் முதலில் புகைப்படங்களைப் பார்த்தே முடிவுக்கு வந்தவர், டயரை நேரில் கண்டதே வாக்குமூலம் கொடுத்த நாளின் காலையில்தான் என்பது வெளிவந்தது. அது பத்தாயிரம் மைல் ஓடியதா, ஐம்பதாயிரம் மைல் ஓடியதா என்பதையும் அவரால் சொல்ல முடியவில்லை. விஞ்ஞானிகளின் சாட்சியத்தைச் சோதிக்க 1993-இல் விதித்த உரைகல் டயர் நிபுணர்களுக்கும் பொருந்தும் என்று 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறி, அந்தச் சாட்சியத்தை ஒதுக்கியது சரியே என்றது. சத்தமின்றி, ஒரு கேள்வியின் பின் ஒரு கேள்வியாகக் கேட்டு வாங்கிய விடைகளால் கிடைத்த வெற்றி அது.

எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. 1967-இல் நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்ட் சென்ற கார், கொசு மருந்துப் புகையில் மறைந்திருந்த ஒரு டிரெய்லரின் பின்புறம் அடியில் புகுந்து அவர் இறந்தார்; டிரெய்லர்களின் பின்னால் தொங்கும் இரும்புத் தடுப்பு இன்றும் அவர் பெயராலே வழங்குகிறது. அத்தகைய தடுப்பொன்று மோதலில் தாங்கவில்லை என்று 2024 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ஜூரி, டிரெய்லர் கம்பெனிக்கு 46 கோடி 20 லட்சம் டாலர் விதித்தது. நீதிபதி பிற்பாடு அதைப் பெருமளவு குறைத்தார். செய்த காலத்து அரசாங்க விதிக்கு அந்த டிரெய்லர் உட்பட்டதே என்ற வாதம் ஜூரியிடம் எடுபடவில்லை. விதி என்பது குறைந்தபட்ச வரம்பு, போதுமான வரம்பென்று எவரும் சொல்லவில்லை என்பது வாதிகளின் நெடுநாளைய பதில். அதில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இத்தகைய தொகைகளுக்கு அஞ்சித்தான் பெரும்பாலான வழக்குகள் ஜூரியை அடையாமலே ராஜியில் முடிகின்றன. சாதாரணச் சரக்கு ஏற்றும் லாரிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் 7,50,000 டாலர். 1980-ஆம் வருஷச் சட்டம் வகுத்த அந்தத் தொகை நாளது வரை உயரவில்லை. பிழை நம்முடையது, கொடுத்துவிடுங்கள் என்று தன் கட்சிக்காரரிடம் நேராகச் சொல்லும் துணிவு, எந்தக் குறுக்கு விசாரணைத் திறமைக்கும் குறைந்ததன்று.

ராஜிக்கு முன்னால், பெரும்பாலும் ஒரு நாள் வருகிறது. கோர்ட்டில் அல்ல, ஓர் ஆபீஸ் அறையில், நீண்ட மேஜையின் ஒருபுறம் பிள்ளையை இழந்த தாய், மறுபுறம் வக்கீல், ஓரத்தில் சுருக்கெழுத்தாளர். தாய் சத்தியப் பிரமாணத்தின் மேல் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் கேட்க வேண்டும். அன்று காலை எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், சாலை எப்படி இருந்தது, பிள்ளை பெல்ட் அணிந்திருந்தானா. கேள்விகள் நிறைந்த காகிதத்தோடு உள்ளே வந்தவர், அதில் பாதியைக் கேளாமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா அம்மா, சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்கிறார்.