ரிவர்ஸ் ஒலி யாருக்காக?

லாரி பின்னோக்கி வரும்போது கேட்கிற ‘பீப் பீப்’ ஒலிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1963இல் ஜப்பானின் யமகுச்சி எலெக்ட்ரிக் நிறுவனம் அந்தக் கருவியைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்புறம் தெரியாத வண்டியைக் கட்டுமானத் தளத்தில் ரிவர்ஸ் எடுக்க, அமெரிக்க விதி இரண்டில் ஒன்றைக் கேட்கிறது: சுற்றியுள்ள இரைச்சலை மீறி ஒலிக்கும் கருவி, அல்லது சைகை காட்ட ஓர் ஆள். டிப்பர் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தால் தெரிவது இரும்புப் பெட்டிதான். பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு ஓரங்களைக் காட்டும். பெட்டிக்கு நேர்பின்னே குனிந்து ஜல்லி வாருபவரைக் காட்டாது. ஓட்டுநரால் பார்க்க முடியாததை, நிற்பவர் காதால் ஈடுகட்ட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம்.

காது அதற்குத் தோதானதல்ல. தாழ்ந்த சுருதி என்றால், ஒலி இரு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வேறுபாட்டை வைத்துத் திசையை அறிகிறோம். உயர்ந்த சுருதியில் ஒலியளவின் வேறுபாடு உதவுகிறது. வழக்கமான ரிவர்ஸ் கருவியின் ஒற்றைச் சுருதி 1,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, முதல் வழி தளரத் தொடங்கும் எல்லையை ஒட்டி நிற்கிறது. போதாததற்கு, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு மோதி, ஓரடி தள்ளி நின்றாலே ஓசை கூடும், குறையும். பல சுருதிகள் கலந்த ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சலை எழுப்பும் கருவிகள் திசையைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் நாளெல்லாம் பத்து லாரிகள் கத்தும் இடத்தில் எந்த ஒலியும் பழகிப்போகும். அதை அலட்சியம் என்று திட்டுவது எளிது. மூளை அப்படித்தான் இயங்கும்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். சேறு அப்பாத வரை அது நல்ல துணைதான். ஆனால் நேரில் பார்ப்பதைவிடக் கண்ணாடி, திரை வழியாகப் பார்க்கும் ஓட்டுநர் ஏறத்தாழ 0.7 நொடி தாமதமாகச் செயல்படுகிறார் என்று லண்டன் போக்குவரத்துத் துறைக்காக நடந்த ஆய்வு கண்டது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில்கூட அதற்குள் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரில் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரத் தரமிடுகிறது லண்டன். சைகை காட்டுபவரை நிறுத்தலாம்தான். ஆனால் அவரும் அதே வண்டிக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு ஆள். எனவே ரிவர்ஸே தேவைப்படாதபடி ஒரு வழியாக நுழைந்து மறுவழியாக வெளியேறும் பாதை அமைப்பதுதான் முதல் வேலை. குறுகலான தளத்தில் அதற்கு இடமேது என்பது நியாயமான கேள்வி. அங்கே வண்டி பின்னேறும் ஓரிரு நிமிடங்கள் எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவைக்கலாம். செலவு, அந்த நிமிடங்களுக்கான கூலி.