பிளக்கும் அதற்குரிய சாவியும்



கண்டியிலிருந்து நுவரெலியா செல்வோர் கம்பளையைக் கடந்ததும் ஏறத் தொடங்குவர். எங்கள் புசல்லாவை அந்த ஏற்றத்தின் நடுவில் இருக்கிறது. இறம்பொடை வளைவுகள் அதற்கும் அப்பால். வண்டியில் ஒளிந்திருக்கும் குறை எதுவாயினும் அவ்வளைவுகளில் வெளிப்பட்டுவிடும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. அதனால் பழைய வண்டியைப் பேணும் வேலை நம்மிற் பலருக்கு வந்து சேர்ந்தது. நானும் என் மொரிஸ் மைனரின் பிளக்குகளை மாற்றப் புகுந்தேன். கையிலிருந்தது வாய் அகலும் சாவி ஒன்றே. அது சறுக்கிப் பிளக்கின் பீங்கானில் மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கியதை நான் கவனிக்கவில்லை. சில நாளில் நோயுற்ற தாயாரை நுவரெலியா வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றபோது, மூடுபனியின் ஈரத்தில் மின்சாரம் அவ்வெடிப்பின் வழியே கசிந்தது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று ஓய்ந்தது. ஏற்றத்தில் நின்றுவிட்டோம். மரக்கறி லொறிக்காரர் ஒருவரே கைகொடுத்தார்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஆழமான பிளக் சொக்கட். உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள். அது பீங்கானைக் காக்கும், பிளக்கையும் நழுவவிடாது. பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் 21 மில்லிமீட்டர். பிற்காலத்து ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு 16. ஐயமிருப்பின் பழைய பிளக்கையே கடைக்குக் கொண்டு செல்லலாம். பிளக் குழிக்குள் இருந்தால் நீட்டுத்தண்டு ஒன்றும் தேவை. இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். என் மொரிஸுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. மற்ற வண்டிகளுக்குக் கைநூலைப் பார்க்க. பளபளக்கும் பெட்டியில் நாற்பது கருவிகள் விற்பார்கள். முப்பத்தைந்து துருப்பிடிக்கவே பயன்படும்.

இயந்திரம் ஆறிய பின்னரே கழற்றுங்கள். முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் சிலிண்டர்த் தலை அலுமினியம். சூட்டிலே கழற்றினால் மரை பிய்ந்துவிடும். குழியிலுள்ள தூசியை முன்னதாகவே ஊதிவிடுக. புதிய பிளக்கைச் சாவியால் அன்று, விரலால் தொடங்குக. விரலுக்கு எட்டாவிடின் சிறு ரப்பர்க் குழாயில் செருகித் திருப்பலாம். மரை கோணலானால் குழாய் வழுக்கி அறிவிக்கும். விரலால் இறுகியபின், வளையமுள்ள புதிய பிளக்குக்குச் சாவியால் அரைச் சுற்று முதல் முக்காற் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பினாற் போதும். கூம்பு அடியுள்ளதற்கு அதன் எட்டிலொரு பங்கே.

கழற்றிய பிளக்கின் நுனியையும் பாருங்கள். இளம் பழுப்பு நலம், வெளுத்திருந்தால் மிகைச்சூடு, கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. கொழும்பிலே கார்புரேட்டரைச் சீர்செய்த வண்டி இங்கே கரி கக்குவது அதனாலேதான். அதற்குப் பிளக்கை மாற்றிப் பயனில்லை. கார்புரேட்டரின் கலவையையே குறைக்க வேண்டும்.