வாடகைக்குள் ஒரு வாடகை

மாதம் இருபதாம் தேதிக்கே கை வறண்டுவிடுகிறது என்று நம்மவர் பலர் சொல்லக் கேட்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே காலம் கழித்த எனக்கு, ஓய்வுக்குப் பின் வாடகை வீடு தேடியபோதுதான் காரணம் விளங்கியது.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். வாடகை 20,000 ரூபாய் என்றால் அட்வான்ஸ் 2 லட்சம். அதை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் மாத வட்டி 2,000. காலி செய்கையில் பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால், 11 மாத ஒப்பந்தத்தில் மாதத்துக்குச் சுமார் 1,800. ஆக, உண்மை வாடகை 23,800!

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸே உச்சவரம்பு என்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும்.

எனவே அன்பர்களே, வாடகையோடு அட்வான்ஸையும் பேசிக் குறையுங்கள். நான்கு மாதம் குறைந்தால் மாதம் 800 ரூபாய் வட்டி மிச்சம். பெயிண்ட் தொகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.