கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளின் எண்ணிம இணைப்பு

கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளின் எண்ணிம இணைப்பு, அதாவது டிஜிட்டல் இணைப்பு என்பது, ஒரு கருவியில் எண்களாகப் பதிவாகியுள்ள ஒலியை எண்களாகவே மற்றொரு கருவிக்கோ கணினிக்கோ அனுப்பும் முறையாகும். டிஏடி நாடாக் கருவி, மினிடிஸ்க், நினைவக அட்டையில் பதியும் கருவி ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

ஹெட்போன் துளையில் சாதாரணக் கேபிளைச் செருகிப் படியெடுக்கும்போது, எண்கள் முதலில் மின்னலையாக மாறி, அடுத்த கருவியில் மீண்டும் எண்களாக மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது இரைச்சல் சேர்கிறது. எண்ணிம இணைப்பு சரியாக அமைந்தால் இந்த இழப்பு இல்லை. ஆனால் பிளக் சாக்கெட்டில் பொருந்துவதால் மட்டும் இணைப்பு சரியாகிவிடாது. சைகையின் வகை, மாதிரி வீதம், உள்ளீடு வெளியீடு என்னும் திசை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

சைகையின் வகைகள்

தொழில்முறைக் கருவிகளுக்கான ஏஇஎஸ்3 என்னும் தரம் 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் வீட்டுப் பயன்பாட்டு வடிவம் எஸ்/பிடிஐஎஃப் ஆகும். சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களின் பெயர்களிலிருந்து இப்பெயர் அமைந்தது. நடைமுறையில் மூன்று வகை இணைப்புகளைக் காணலாம்.

1. கோஆக்சியல்: ஆர்சிஏ பிளக் கொண்டது. மின்னெதிர்ப்பு 75 ஓம். சைகையின் அளவு ஏறத்தாழ அரை வோல்ட்டு. தொலைக்காட்சியில் படத்துக்குப் பயன்படும் மஞ்சள் நிற ஆர்சிஏ கேபிளும் 75 ஓம் என்பதால் இதற்குப் பொருந்தும். சிவப்பு, வெள்ளை ஒலிக் கேபிள்கள் குறைந்த நீளத்தில் வேலை செய்யக்கூடும். உறுதி கூற முடியாது.

2. ஒளியிழை: 1983ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனம் உருவாக்கிய டாஸ்லிங்க் இணைப்பு. சிவப்பு ஒளி நெகிழி இழை வழியே செல்கிறது. மின்தொடர்பு இல்லாததால், இரு கருவிகளின் தரையிணைப்பால் எழும் 'ஹம்' ஓசை இதில் வராது. கேபிளைக் கூர்மையாக மடக்கக் கூடாது. சிறிய கருவிகளில், 3.5 மி.மீ. ஹெட்போன் துளை போன்ற சாக்கெட்டுக்குள்ளேயே ஒளி இணைப்பும் அமைந்திருக்கும். இதற்கு மினி டாஸ்லிங்க் பிளக் தேவை.

3. ஏஇஎஸ்3: எக்ஸ்எல்ஆர் பிளக், 110 ஓம் கேபிள். மின்னழுத்தம் கோஆக்சியலைவிடப் பல மடங்கு அதிகம்.

ஒளிச் சைகையை மின் சைகையாக மாற்ற, மின்சாரத்தில் இயங்கும் மாற்றுக்கருவி வேண்டும். வெறும் கேபிளால் இது நடக்காது. மேலும், எட்டுத் தடங்களை அனுப்பும் ஏடாட் முறையும் இதே டாஸ்லிங்க் சாக்கெட்டையே பயன்படுத்துகிறது. பிளக் பொருந்தினாலும், ஒரு முறையின் தரவை மற்றதால் படிக்க இயலாது.

மாதிரி வீதமும் கடிகாரமும்

எஸ்/பிடிஐஎஃப் சைகையில் ஒவ்வொரு மாதிரிக்கும் இடது, வலது இரண்டும் சேர்த்து 64 பிட்டுகள் செல்கின்றன. நொடிக்கு 48,000 மாதிரிகள் எனில், 48,000 × 64 = 30,72,000 பிட்டுகள். இவற்றைப் பிரித்தறிய, பெறும் கருவிக்கு அனுப்பும் கருவியின் வேகம் தெரிய வேண்டும். இதற்கெனத் தனிக் கம்பி இல்லை. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் சைகையின் நிலை மாறுவதால், பாட்டோடு தாளமும் சேர்ந்து வருவதுபோல வேகமும் சைகைக்குள்ளேயே வருகிறது.

ஆகவே, பெறும் கருவி தன் சொந்தக் கடிகாரத்தை விட்டுவிட்டு, வரும் சைகையின் வேகத்தைப் பின்பற்ற வேண்டும். அமைப்புப் பட்டியலில் கடிகார மூலமாக எண்ணிம உள்ளீட்டைத் தேர்வது இதற்காகத்தான். தேராவிட்டால், இரு கடிகாரங்களும் சிறிது சிறிதாக விலகி, இடையிடையே 'டிக்' என்ற ஓசை பதிவாகும்.

மாதிரி வீதம் தவறாகக் குறிக்கப்பட்டால் விளைவு இன்னும் பெரியது. 48,000 வீதத்தில் பதிவான ஒலியை 44,100 வீதத்தில் இயக்கினால், 10 நிமிடப் பதிவு 10 நிமிடம் 53 நொடியாக நீளும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை சுரத்தானம் இறங்கும். பேச்சில் இது கவனத்துக்கு வராமல் போகலாம். இசைப் பதிவிலோ பாடியவரின் சுருதியே தவறாகப் பதிவாகிவிடும்.

திசையும் படித் தடையும்

பெரும்பாலான கையடக்க மினிடிஸ்க் கருவிகளில் ஒளி உள்ளீடு மட்டுமே உண்டு. எண்ணிம வெளியீடு இல்லை. பதிவை அப்படியே வெளியே எடுக்க, எண்ணிம வெளியீடுள்ள மேசைக் கருவி வேண்டும். இல்லையெனில் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த சோனி எம்இசட்-ஆர்எச்1 உதவும். இது பழைய மினிடிஸ்க் பதிவுகளையும் யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு மாற்றவல்லது. சோனியின் டிசிடி-டி7, டிசிடி-டி8 ஆகிய டிஏடி கருவிகளில் எண்ணிம இணைப்பு உண்டு. ஆனால் அதற்குத் தனிவகைக் கேபிள் தேவை. அக்கேபிள் தொலைந்தால் சாதாரணக் கேபிள் ஈடாகாது. சோனி பிசிஎம்-டி50 கருவியில் ஒளி உள்ளீடு, வெளியீடு இரண்டும் உள்ளன.

வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளில் எஸ்சிஎம்எஸ் என்னும் படித் தடையும் உண்டு. அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தடையைக் கட்டாயமாக்கியது. இதன்படி ஒரு தலைமுறைப் படி எடுக்கலாம். படியிலிருந்து மீண்டும் எண்ணிமப் படி எடுக்க முடியாது. சொந்தக் குரலைப் பதிவு செய்தவரையும் இத்தடை மறிக்கலாம்.

படியெடுக்கும் முறை

1. அனுப்பும் கருவியில் வெளியீடும், பெறும் கருவியில் உள்ளீடும் உள்ளனவா, ஒரே வகையா எனப் பார்க்கவும்.
2. பெறும் கருவியில் எண்ணிம உள்ளீட்டையும் வெளிக் கடிகாரத்தையும் தேர்வு செய்யவும்.
3. மூலத்தின் மாதிரி வீதத்தையே பெறும் கருவியிலும் அமைக்கவும்.
4. ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுச் சரிபார்க்கவும்.
5. பிறகு முழுவதையும் பதியவும். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம் ஆகும்.
6. கோப்பை இரண்டு இடங்களில் சேமிக்கவும்.

நாடா பழுதுற்றிருந்தால், படிக்க முடியாத இடங்களைக் கருவி ஊகித்து நிரப்பும் அல்லது ஓசையின்றி விட்டுவிடும். எந்தக் கேபிளும் இதைச் சரிசெய்யாது.

இன்றைய நிலை

இன்றைய கருவிகள் நினைவக அட்டையில் கோப்பாகவே பதிவதால், கோப்பை நகலெடுத்தாலே போதும். ஆனால் டிஏடி நாடாக்களிலும் மினிடிஸ்க் வட்டுகளிலும் உள்ள கள ஆய்வுப் பேட்டிகள், நாட்டுப்புறப் பாடல்கள், கச்சேரிகள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வேறு படி இருப்பதில்லை. சோனி 2005ஆம் ஆண்டில் டிஏடி கருவிகளையும் 2011ஆம் ஆண்டில் கையடக்க மினிடிஸ்க் கருவிகளையும் நிறுத்திவிட்டது. இயங்கும் பழைய கருவிகள் குறைந்துவருகின்றன. எனவே இப்பதிவுகளை வைத்திருப்போர், நாடாவைப் போலவே கருவியையும் அதற்குரிய கேபிளையும் பாதுகாத்து, அவை இயங்கும் காலத்திலேயே படியெடுத்துவிடுவது நல்லது.