மெல்லப் பாடுவதும் உழைப்புதான்
பெங்களூரு வைட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் அரங்கில் இரவு உணவோடு ஜாஸ் கேட்கலாம். இப்படிச் சாப்பாட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகியதால், பிரேசிலின் பாசா நோவா இசைச் சாயல் கொண்ட மென்குரல் ஆல்பங்களைப் பலர் வெறும் பின்னணி இசை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேசில் பாடகர் ஜோவோ ஜில்பெர்ட்டோவின் 1959-ஆம் ஆண்டு ஆல்பத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். கிட்டாரில் கட்டைவிரல் சம்பா முரசின் சீரான அடியைப் பிடிக்கிறது. மற்ற விரல்கள் தாளத்துக்குத் தள்ளித் தள்ளி மீட்டுகின்றன. பேச்சளவுக் குரல் சற்று முந்தியும் பிந்தியும் போய்ச் சரியான இடத்தில் வந்து சேர்கிறது. ஒளிந்துகொள்ளக் குரலில் அசைவோ அலங்காரமோ இல்லாததால், சுருதி இம்மி பிசகினாலும் அம்பலமாகிவிடும்.

அமெரிக்கர்கள் வயலின்களைக் குவித்து இந்தப் பாணியை நீர்க்கச் செய்துவிட்டார்கள் என்பது நியாயமான குறைதான். பல ஆல்பங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 1967-இல் பாசா நோவா இசையமைப்பாளர் ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிமுடன் அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா பாடிய ஆல்பத்துக்குப் பொருந்தாது. பெரிய வாத்தியக் குழுவுக்கு மேல் ஓங்கி ஒலித்த அந்தக் குரல், அதில் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தணிகிறது. வயலின்களும் அதற்கு வழிவிட்டே ஒலிக்கின்றன. தமிழிலும், நடிகர் ராஜ்குமாருக்காகக் கன்னடத்திலும் மைக்கை நம்பி மென்மையாகப் பாடிய பி.பி. ஸ்ரீனிவாஸை ரசித்தவர்களுக்கு இந்த உழைப்பு எளிதில் பிடிபடும்.