கடையிலே ஒரு முக்காலி

"ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆளுக்கு அக்கறை இல்லை!"

தாம்பரம் சண்முகம் சாலையிலே எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பல்லவி காதிலே விழும். மளிகைக்காரர் பாடுகிறார். ஜவுளிக்காரர் பாடுகிறார். குரோம்பேட்டையிலே லேத்துப் பட்டறை வைத்திருப்பவரும் அதே ராகத்திலே பாடுகிறார். நாமும் பாடியவர்கள்தாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். தோளிலே கழகத் துண்டு இருந்தாலும், நாம் பிழைப்பது எவர்சில்வர் பாத்திரக் கடையிலே. நான்கு பேர் நம்மிடம் வேலை பார்க்கிறார்கள். ஆகவே, தோழர்களே, இன்று மேடையிலே நின்று பேசவில்லை. கல்லாவிலே உட்கார்ந்து பேசுகிறோம்.

2020-ஆம் ஆண்டு, தை மாதம். முகூர்த்த நெருக்கம். சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் தோழர், பெண்ணின் பெயர் 'செல்வி' என்று வெட்ட வேண்டிய இடத்திலே 'செல்வம்' என்று வெட்டிவிட்டார். ஒன்றிரண்டல்ல, ஏழு தூக்குகளிலே! வெட்டிய பெயரை அழிக்க முடியாது. வேறு செல்வம் வந்து வாங்கும்வரை அது பரண் சரக்கு. நமக்கு வந்ததே கோபம்! "வேலையிலே மனம் இருந்தால் இப்படி நடக்குமா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டோம். கேட்டதோடு விட்டோமா? பாத்திர விலையை இரண்டு மாதச் சம்பளத்திலே பிடித்தோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சில நாள் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அந்த ஆர்டர்ச் சீட்டு கையிலே சிக்கியது. "இரவு 10 மணிக்குள் தேவை" என்று அதிலே எழுதியிருந்தது. எழுதியது நம் கைதான். அந்தத் தோழர் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறிக் காலை ஒன்பதுக்கு வந்தவர். பதின்மூன்றாவது மணி நேரத்திலே ஏழு தூக்குகளையும் மடியிலே வைத்து வெட்டியிருக்கிறார். கண் எழுத்தைப் பார்க்குமா, கடிகாரத்தைப் பார்க்குமா? அக்கறை இல்லாதவர் அவரா, நாமா?

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. எதற்காகச் சொல்ல வேண்டும்?

கடைத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி ஓய்வு, வாரத்திலே ஒரு நாள் கடையடைப்பு என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாடு விடுதலை பெற்ற ஆண்டின் சட்டம்! நம் கடைச் சுவரிலும் அந்த அறிவிப்பு தொங்கியது, காலண்டருக்குப் பின்னால்.

அடுத்த பாடம் 2021-லே வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்திலே கொண்டுவந்தார். கடை ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை வேண்டும், நாள் முழுதும் காலிலேயே நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே கடைப் பெண்கள் போராடியதன் விளைவு அது. நாம் பூரித்துப்போய், பாட்டாளியின் கால் வலியைப் புரிந்துகொண்ட சட்டம் என்று இதே பகுதியிலே எழுதினோம்.

மறுநாள் காலை, முடிச்சூரிலிருந்து வரும் விற்பனைப் பெண் ஒருவர் பத்திரிகையை மடித்துக் கல்லாவிலே வைத்தார். "படிச்சேங்க, அண்ணா. நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். சொல்லிவிட்டுப் பழைய இடத்திலே போய் நின்றார். அப்போதுதான் கடையைச் சுற்றிப் பார்த்தோம். பெயர் வெட்டுபவருக்குத் தரையிலே ஒரு மணைப்பலகை. நமக்கு ஒரு நாற்காலி. வேறெதுவும் இல்லை. அடுக்கிலே ஆயிரம் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு மட்டும் இடமில்லை!

அன்று மாலையே மூன்று முக்காலி வாங்கினோம். அதனால் வியாபாரம் பெருகியதா என்று கேட்பீர்கள். இல்லை. தவறுகள் நின்றனவா? அதுவும் இல்லை, கொஞ்சம் குறைந்தன. ஆனால் வாடிக்கையாளர் உள்ளே வரும்போது அந்தப் பெண் முக்காலியிலிருந்து எழுந்து போகும் வேகம் புதிது. முன்பு, ஏற்கெனவே நின்று நின்று மரத்துப்போன கால்களை இழுத்துக்கொண்டுதான் போவார். நாம் அதைச் சோம்பல் என்று எண்ணியிருந்தோம்.

"இதெல்லாம் தொழிற்சங்கக்காரர் கவலை, கடைக்காரனுக்கு என்ன?" என்று கழகத்திலேயே சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1918 ஏப்ரல் 27-லே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. தலைவர் வாடியா; துணை நின்றவர் திரு.வி.க. ஆனால் அதற்கு விதை போட்டவர்கள் யார்? செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள்! பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் அவர்களிடம்தான் வந்து குறைகளைக் கொட்டினார்கள். மதியச் சோற்றை விழுங்கக்கூட நேரம் போதவில்லை என்பது அவற்றிலே ஒன்று. தம்மிடம் வேலை செய்யாத தொழிலாளிக்காக, லாபம் ஒரு காசும் இல்லாத காரியத்துக்காக, அந்த வணிகர்கள் வாடியாவைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். அவர்கள் கடையிலே எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று இன்று யாருக்குத் தெரியும்? கடைக்கு வந்தவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பது தெரியும்.

2023-ஐயும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அவ்வாண்டு ஏப்ரல் 21-லே, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்திலே நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் கொதித்தன. மே நாளன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வாரத்திலே நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்று அதற்குச் சொன்ன நியாயம் அப்போது நம் காதுக்கும் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால், பன்னிரண்டாவது மணியைத் தாண்டினால் என்ன வெட்டப்படும் என்பதற்குச் சான்று நம் பரணிலே இருந்தது, ஏழு தூக்குகள்!

இனி நம் கதை. இருபது ஆண்டு ஒரு நாள்கூடக் கடை மூடியதில்லை என்று மார்தட்டி வந்தோம். மகள் பள்ளியிலே பரிசு வாங்கியதைப் படத்திலேதான் பார்த்தோம். கிளைக் கூட்டத்துக்குப் போனால், முடியும் நேரத்திலே போய்க் கைதட்டிவிட்டு வருவோம். இதற்குப் பெயர் உழைப்பு என்று நினைத்திருந்தோம். முக்காலி வந்த பிறகு, செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்று பலகை மாட்டினோம். முதல் செவ்வாயன்று என்ன செய்வதென்றே தெரியவில்லை. இரண்டு முறை கடை வாசல்வரை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்! இப்போது பழகிவிட்டது. காலையிலே படிப்பகம், மாலையிலே பேரனோடு பீர்க்கன்காரணை ஏரிக்கரை.

கட்டுபடியாகிறதா? நேர்மையாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது. செவ்வாய் வியாபாரத்திலே ஒரு பகுதி புதன்கிழமை வருகிறது. ஒரு பகுதி வருவதே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பெரிய கடைகள் ஆண்டு முழுதும், இரவும் பகலும் திறந்திருக்க 2019-லே அனுமதி கிடைத்தது. 2022-லே அது நீண்டது. நாம் இழந்தது அங்கே போயிருக்கும். ஊழியருக்கு முறை வைத்து வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் உண்டு. அதை நடைமுறையிலே பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். வாடகை குறையவில்லை, மின் கட்டணம் குறையவில்லை. நம் கையிலே மாதக் கடைசியில் நிற்பது கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. பெயர் வெட்டும் தோழர் மட்டும் இன்றும் நம்மிடமே இருக்கிறார்.

மேற்குத் தாம்பரத்திலே கழகத் தோழர்கள் நடத்தும் கடைகளைச் சுற்றிப் பார்த்து, எங்கே இருக்கை உண்டு, எங்கே இல்லை என்று கணக்கெடுக்கப் போவதாக வட்டத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலிலே நம் கடைக்கு வரட்டும். மூன்று முக்காலியிலே ஒன்றுக்குக் கால் ஆடுகிறது; அதையும் குறித்துக்கொள்ளட்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.